சப்போர்ட் நிறுவனங்களுக்காக சைட்டுக்குப் போகும் ஃப்ரீலான்ஸ் ஐடி இன்ஜினியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையில் இருந்துகொண்டே "தனியாகப் பண்ணிப் பார்க்கலாமா?" என்று யோசிக்கிறவர்களும், ஏற்கெனவே சில டிக்கெட்டுகளை (ஒவ்வொரு பழுதுக்கும் பதிவாகி வரும் வேலைகளை) முடித்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கிறவர்களும் கேட்கிற கேள்விகள் இவை. வரி, தொழில் பதிவு, உரிமம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே தொழிலை மட்டும் பேசலாம்.

இதில் நாம் யாருக்கு வேலை செய்கிறோம்?

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனி. அதன் நெட்வொர்க்கையும் கம்ப்யூட்டர்களையும் ஒப்பந்தம் போட்டுப் பார்த்துக்கொள்ளும் ஒரு சப்போர்ட் நிறுவனம். சப்போர்ட் நிறுவனத்தின் ஆட்கள் ஓரிடத்தில் உட்கார்ந்து ரிமோட்டில் வேலை பார்ப்பார்கள். பாஸ்வேர்டு மாற்றுவது, கான்ஃபிகரேஷன் ஏற்றுவது, அப்டேட் போடுவது எல்லாம் அங்கிருந்தே முடிந்துவிடும். ஆனால் பவர் சப்ளை கருகிப்போன ரவுட்டரை ரிமோட்டில் கழற்ற முடியாது. அதற்கு அந்த ஊரில் ஒரு ஆள் வேண்டும். மாதச் சம்பளத்துக்கு ஆள் வைக்குமளவுக்கு அங்கே வேலையும் இருக்காது. அதனால்தான் உங்களைக் கூப்பிடுகிறார்கள். சில சமயம் சப்போர்ட் நிறுவனத்துக்கும் உங்களுக்கும் நடுவே, ஆள் அனுப்புவதையே தொழிலாக வைத்திருக்கும் இன்னொரு நிறுவனமும் இருக்கும்.

உங்களுக்குப் பணம் தருகிறவர்தான் உங்கள் கஸ்டமர். சைட்டில் உங்களை வரவேற்கிற கிளை மேனேஜர் உங்கள் கஸ்டமரின் கஸ்டமர். கீழே வரும் சிக்கல்களில் பாதி, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருபவை.

நேரடியாகக் கடைகளையும் அலுவலகங்களையும் பிடித்தால் இன்னும் கூடுதலாகச் சம்பாதிக்கலாமே?

சம்பாதிக்கலாம். ஆனால் கஸ்டமரைத் தேடுவது, கொட்டேஷன் போடுவது, ராத்திரி பதினோரு மணிக்கு "பிரிண்டர் வேலை செய்யவில்லை" என்று வரும் போனை எடுப்பது எல்லாம் உங்கள் தலையில் விழும். சப்போர்ட் நிறுவனத்துக்குப் போகும்போது விற்பனை வேலை கிடையாது. டிக்கெட் வரும், போவீர்கள், முடிப்பீர்கள், பில் போடுவீர்கள். லாபத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அந்த நிம்மதியை வாங்குகிறீர்கள். பேசிக் கஸ்டமரைப் பிடிப்பது உங்களுக்குக் கைவந்த கலை என்றால் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

எவ்வளவு டெக்னிக்கல் அறிவு வேண்டும்? சர்டிபிகேட் கட்டாயமா?

நினைப்பதைவிடக் குறைவாக, ஆனால் அகலமாக. ஃபயர்வால் ரூல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. அதை ரிமோட்டில் இருப்பவர் எழுதுவார். அவர் "கன்சோலில் என்ன தெரிகிறது?" என்று கேட்டால் உடனே கன்சோலை, அதாவது சாதனத்தோடு லேப்டாப்பை நேராகக் கேபிளில் இணைத்துப் பார்க்கும் எழுத்துத் திரையை, திறக்கத் தெரிய வேண்டும். சாதனங்களை அடுக்கி வைக்கும் இரும்புச் சட்டமான ராக்கைப் பார்த்து எது ரவுட்டர், எது ஸ்விட்ச், எது யாரோ விட்டுப்போன பழைய மோடம் என்று சொல்லத் தெரிய வேண்டும். காப்பர் கேபிள் நூறு மீட்டருக்கு மேல் போகக் கூடாது, அதில் சுவருக்குள் நிரந்தரமாக ஓடும் பகுதி தொண்ணூறு மீட்டர், மீதிப் பத்து இரண்டு முனையிலும் உள்ள பேட்ச் கார்டுகளுக்கு (சாதனத்தில் செருகும் குட்டைக் கேபிள்களுக்கு) என்பது நாக்கு நுனியில் இருக்க வேண்டும். மஞ்சள் ஃபைபர் பெரும்பாலும் சிங்கிள் மோடு, நீலப்பச்சை என்றால் மல்டிமோடு. இரண்டையும் கலந்தால் லிங்க் வராது, வந்தாலும் நிற்காது.

புதிதாக வைத்த கேமராவோ வைஃபை ஆக்சஸ் பாயின்டோ உயிர் பெறவில்லை என்றால் முதலில் பவரைச் சந்தேகிக்கிற பழக்கமும் வேண்டும். கேபிள் வழியே மின்சாரம் தரும் பிஓஇ ஸ்விட்ச் எல்லாம் ஒன்றல்ல. பழைய 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட், ஏடி தரத்தில் 30 வாட், 2018இல் வந்த பிடி தரத்தில் 90 வாட் வரை. போர்ட்டுக்கான அளவு சரியாக இருந்தாலும் ஸ்விட்சின் மொத்த வாட் தீர்ந்துபோயிருக்கலாம்.

சர்டிபிகேட்டைப் பொறுத்தவரை காம்ப்டியா ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ், சிஸ்கோவின் சிசிஎன்ஏ ஆகியவற்றில் ஒன்று இருந்தால் ஆள் தேர்வு செய்யும் படிவத்தில் ஒரு கட்டம் நிரம்பும். முதல் டிக்கெட் கிடைக்க அது உதவும். இரண்டாவது டிக்கெட் முதல் டிக்கெட்டை எப்படி முடித்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் வரும்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

லேப்டாப்பில் இருந்தே தொடங்கலாம். நல்ல பேட்டரி, ஈதர்நெட் போர்ட் (இல்லாவிட்டால் அடாப்டர்), கன்சோலைத் திறக்க பட்டி (PuTTY) போன்ற ஒரு டெர்மினல் மென்பொருள். யுஎஸ்பியில் இருந்து ஆர்ஜே45க்குப் போகும் கன்சோல் கேபிள் ஒன்று. பழைய சாதனங்களுக்காக ஒன்பது பின் சீரியல் கேபிளும் அடாப்டரும். டிரைவரை வீட்டிலேயே போட்டு, ஏதாவது ஒரு சாதனத்தில் செருகிப் பார்த்துவிடுங்கள். சிஸ்கோவில் கன்சோல் வேகம் வழக்கமாக 9600, மைக்ரோடிக்கில் 115200. திரையில் கோணல்மாணலாக எழுத்து வந்தால் பெட்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம், வேகத்தை மாற்றிப் பாருங்கள்.

கைக்கருவிகளில் கிரிம்பிங் டூல், பஞ்ச் டவுன் டூல், கேபிள் டெஸ்டர், கேபிளைத் தேடிப் பிடிக்கும் டோனர், ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர், டார்ச். தலையில் மாட்டும் டார்ச்சாக இருந்தால் நல்லது. ராக்கின் பின்பக்கம் இரண்டு கையும் வேலையில் இருக்கும். ஃபைபர் முனையைத் துடைக்கும் கிளீனரைப் பலர் வாங்குவதில்லை. புது கேபிளிலும் முனையில் தூசி இருக்கும், அதைத் துடைத்தாலே பாதி ஃபைபர் புகார் முடிந்துவிடும் என்பதால் நான் அதைக் கட்டாயப் பட்டியலில் வைப்பேன்.

பெரிய கருவி இல்லாமல் வேலை நின்றுபோவது அபூர்வம். சின்னது இல்லாமல்தான் நிற்கும். ராக்கில் ஸ்விட்சைப் பொருத்தப் போனால் பெட்டியில் ஸ்க்ரூ இருக்கும், அதை ராக்கின் துளையில் பிடித்துக்கொள்ளும் கேஜ் நட் இருக்காது. அதனால் எம்6 கேஜ் நட்டும் ஸ்க்ரூவும் ஒரு கைப்பிடி, வெவ்வேறு நீளத்தில் சில பேட்ச் கார்டு, சி13 பவர் கார்டு ஒன்று, அது யுபிஎஸ்ஸில் செருகுவதற்கான சி14 முனையோடு இன்னொன்று, வெல்க்ரோ பட்டை, லேபிள் ஒட்டும் டேப், மார்க்கர். எல்லாம் சேர்ந்து ஒரு டப்பாவுக்குள் அடங்கும். அந்த டப்பா உங்களிடம் இருக்கிறது என்று டிஸ்பாட்ச் ஆளுக்கு, அதாவது யாரை எந்த சைட்டுக்கு அனுப்புவது என்று முடிவு செய்கிறவருக்கு, தெரிந்துவிட்டால் அடுத்த முறை உங்களைத்தான் கூப்பிடுவார்.

ஒரு டிக்கெட் எப்படி நடக்கும்? ஒரு உதாரணம் சொல்ல முடியுமா?

ஒரு கிளையில் ரவுட்டர் மாற்றும் வேலை என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளே ஒர்க் ஆர்டர் வரும். அதைப் படித்து மூன்று விஷயங்களை உறுதி செய்யுங்கள்: மாற்று ரவுட்டர் சைட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா, சைட்டில் நம்மை உள்ளே விடுகிறவர் யார், ரிமோட் டீமின் நேரடி எண் என்ன. கூரியர் டிராக்கிங்கில் "டெலிவரி ஆகிவிட்டது" என்று காட்டினால் போதாது. கிளைக்குப் போன் போட்டு, பெட்டி யார் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

சைட்டில் நுழைந்ததும் செக்-இன். போர்ட்டல் வழியாகவோ போன் வழியாகவோ, உங்கள் நேரம் அங்கிருந்துதான் ஓடத் தொடங்கும். செக்-இன் செய்ய மறந்தால் அந்த நேரத்துக்குப் பணம் கேட்பது கஷ்டம். அப்புறம் எதையும் தொடுவதற்கு முன் போட்டோ: ராக் முழுவதும், ரவுட்டரின் முன்பக்கம், பின்பக்கம், சீரியல் எண் ஸ்டிக்கர். புதிய பெட்டியின் சீரியல் எண்ணும் ஒர்க் ஆர்டரில் உள்ளதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். தப்பான பெட்டி வந்திருந்தால், பழையதைக் கழற்றுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

ஒவ்வொரு கேபிளிலும் அது எந்த போர்ட்டில் இருந்தது என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். "கழற்றலாமா?" என்று ரிமோட் டீமிடம் கேட்டு, சரி என்ற பதிலை வாங்கிக்கொண்ட பிறகே பவரை எடுங்கள். இதைச் சொல்வது ஏதோ சம்பிரதாயம் போலத் தோன்றும். கிளையில் பில் போட்டுக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க்கை நிறுத்தியது யார் என்ற கேள்வி வந்தால், அந்த ஒற்றைச் "சரி"தான் உங்களைக் காப்பாற்றும். முடிந்தால் அதைச் சாட்டில் எழுத்தாக வாங்குங்கள்.

புதிய பெட்டியைப் பொருத்தி, கன்சோலைச் செருகி, பூட் ஆவதை ரிமோட் டீமுக்குப் படித்துக் காட்டுவீர்கள். அவர்கள் உள்ளே வந்ததும் மீதி அவர்கள் வேலை. அவர்கள் "முடிந்தது" என்று சொன்னாலும் கிளம்பாதீர்கள். கிளையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பில் மெஷின், ஒரு போன் ஆகியவற்றை அங்கே வேலை செய்கிறவரையே இயக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய ரவுட்டரைத் திருப்பி அனுப்பும் பெட்டியில் வைத்து, ரிட்டர்ன் லேபிளைப் போட்டோ எடுத்து, கடைசி போட்டோக்களோடு அனுப்புங்கள். கையெழுத்து. ரிமோட் டீமிடம் விடுவிப்பு எண் கேளுங்கள், அதாவது "நீங்கள் போகலாம்" என்பதற்கான சான்று. செக்-அவுட். அவ்வளவுதான்.

கவனித்துப் பார்த்தால் இதில் ஸ்க்ரூடிரைவர் பிடித்த நேரம் கொஞ்சம்தான். சப்போர்ட் நிறுவனம் உங்களிடம் வாங்குவது, சொன்ன நேரத்தில் ஒரு ஆள் அங்கே இருந்தார் என்ற உறுதியையும், நடந்ததற்கான ஆதாரத்தையும். அதை வைத்துத்தான் அவர்கள் தங்கள் கஸ்டமருக்குப் பில் போடுகிறார்கள்.

ரேட் எப்படி நிர்ணயிப்பது?

சைட்டில் நிற்கும் நேரத்தை மட்டும் கணக்குப் போடுவதுதான் பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம். வேலை ஒரு மணி நேரம். போகவர இரண்டு மணி நேரம். சைட்டில் சாவிக்குக் காத்திருந்தது அரை மணி. போட்டோ ஏற்றி அறிக்கை எழுத அரை மணி. ஆக நாலு மணி நேரம் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் பில் போட்டால் உங்கள் உண்மையான ரேட் நீங்கள் சொன்னதில் கால்வாசி. வண்டிச் செலவு, காப்பீடு, வேலையே வராத நாட்கள் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை.

அதனால் மணிக்கு இவ்வளவு என்பதோடு குறைந்தபட்ச பில்லிங் நேரம் ஒன்றையும் வையுங்கள். இரண்டு மணி நேரம் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. குறிப்பிட்ட தூரம் வரை பயணம் இலவசம், அதற்கு மேல் தனிக் கட்டணம். இரவு, வார இறுதி, பொது விடுமுறைக்கு ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ. பார்க்கிங் கட்டணம் தனி.

சில நிறுவனங்கள் ஒரு வேலைக்கு ஒரே தொகை என்று பேசும். அது மோசமில்லை. ஆனால் அந்தத் தொகை எத்தனை மணி நேரத்துக்கு என்பதையும், தாண்டினால் மணிக்கு எவ்வளவு என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள். மேல் வரம்பு இல்லாத மொத்தத் தொகையில் ரிமோட் டீமின் சோம்பலுக்கு நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள். அவர்களுக்கு அவசரமே இருக்காது.

"நாலு மணி நேர எஸ்எல்ஏ" என்றால் நாலு மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டுமா?

எஸ்எல்ஏ என்பது எவ்வளவு நேரத்துக்குள் சேவை தர வேண்டும் என்ற ஒப்பந்த வாக்குறுதி. நாலு மணி நேரத்தில் சரிசெய்ய வேண்டும் என்று பெரும்பாலும் பொருள் இல்லை, போய்ச் சேர வேண்டும். ஆனால் சில ஒப்பந்தங்களில் சரிசெய்யும் நேரமே அதுதான். இன்னொன்று, கடிகாரம் எப்போது தொடங்குகிறது? கஸ்டமர் புகார் கொடுத்த நேரத்தில் இருந்து என்றால், டிக்கெட் உங்களிடம் வரும்போது இரண்டு மணி நேரம் ஏற்கெனவே போயிருக்கும். உங்களுக்கு டிக்கெட் கிடைத்த நேரத்தில் இருந்துதான் கணக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வேலை நாளில் போனால் போதும் என்ற வகை டிக்கெட்டுகளை வைத்துத் தொடங்குவதே தொடக்கத்தில் நல்லது.

போய்ச் சேர்ந்தால் கதவு பூட்டியிருக்கிறது. அல்லது பெட்டி வரவில்லை. அப்போது?

வாசலில் நின்றே போன் போடுங்கள், போட்டோ எடுங்கள், ரிமோட் டீம் "கிளம்பலாம்" என்று சொல்லும்வரை காத்திருங்கள். தப்பு உங்கள் பக்கம் இல்லாதபோது குறைந்தபட்சக் கட்டணமும் பயணக் கட்டணமும் உண்டு என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் ரத்து செய்தாலும் அப்படித்தான். முதல் நாள் மாலைக்குள் சொன்னால் கட்டணம் இல்லை, அதற்கப்புறம் சொன்னால் உண்டு என்பது நியாயமான கோடு.

ஒப்பந்தத்தில் எதை உற்றுப் பார்க்க வேண்டும்?

ரேட்டை யாரும் படிக்காமல் விடமாட்டார்கள். பணம் எத்தனை நாளில், பொறுப்பு எவ்வளவு தொகை வரை, கஸ்டமரை இழுக்கக் கூடாது என்ற தடை எத்தனை காலம் என்ற மூன்றும்தான் கவனம் தப்பும்.

பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு கேபிளை இடறியதால் ஒரு கிளையின் ஒரு நாள் வியாபாரம் நின்றது என்று கணக்குக் காட்டினால் உங்கள் ஒரு வருட வருமானமும் போதாது. உங்கள் காப்பீடு எவ்வளவு தருமோ அதுவே உச்சவரம்பு என்று கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள்.

தடை விதி நியாயமானதுதான், அவர்கள் காட்டிய கஸ்டமரை நீங்கள் கொத்திக்கொண்டு போகக் கூடாது. ஆனால் "எந்த ஐடி வேலையும் செய்யக் கூடாது" என்று பரந்துபட்டு எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். இரண்டு மூன்று சப்போர்ட் நிறுவனங்களுக்கு ஒரே சமயத்தில் வேலை செய்வதுதான் இந்தத் தொழிலின் உயிர்.

காப்பீடு தேவையா?

தேவை. மற்றவர் பொருளுக்கோ உடம்புக்கோ ஏற்படும் சேதத்துக்கு ஒன்று, தொழில்முறைத் தவறால் வரும் நஷ்டத்துக்கு ஒன்று. இரண்டின் சான்றிதழையும் கேட்காமல் பெரிய நிறுவனங்கள் உங்களைப் பதிவே செய்யமாட்டார்கள்.

முதல் டிக்கெட் எங்கே கிடைக்கும்?

ஃபீல்ட் நேஷன், ஒர்க்மார்க்கெட் போன்ற தளங்களில் பதிவு செய்வது ஒரு வழி. அங்கே போட்டி அதிகம், ரேட் அடிமட்டம், நாட்டைப் பொறுத்து வேலையே இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பழகுவதற்கும் மதிப்பெண் சேர்ப்பதற்கும் சரி.

என் அபிப்பிராயத்தில் இதைவிட நல்ல வழி, உங்கள் ஊரில் ஆள் இல்லாமல் திண்டாடும் சப்போர்ட் நிறுவனத்துக்கு நேராக எழுதுவது. பெரிய நகரத்தில் இன்ஜினியருக்குப் பஞ்சமில்லை. நகரத்தில் இருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் இருப்பவருக்குத்தான் மதிப்பு. மெயிலில் உங்கள் வாழ்க்கை வரலாறு வேண்டாம். எந்தெந்த ஊர்களுக்கு எத்தனை மணி நேரத்தில் போவீர்கள், என்ன கருவி இருக்கிறது, எந்த நேரங்களில் கிடைப்பீர்கள், காப்பீடு உண்டா, ரேட் என்ன. அதை வாங்குகிறவர் பெரும்பாலும் டிஸ்பாட்ச் மேசையில் இருப்பவர். அவருக்கு ஒரு பின்கோடும் ஒரு போன் நம்பரும்தான் வேண்டும்.

சைட்டில் இருப்பவர் "இதையும் கொஞ்சம் பார்த்துவிடுங்களேன்" என்றால்?

தினமும் நடக்கும். முகத்தை முறிக்காமல், கையும் வைக்காமல், "டிக்கெட் போடச் சொல்லுங்கள், ரிமோட்டில் கேட்டுவிட்டுச் செய்கிறேன்" என்பதுதான் பதில். உடனே அவர் கண்ணெதிரிலேயே ரிமோட் டீமிடம் கேளுங்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் கூடுதல் நேரமாகப் பில் போடலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுத்தது நீங்களாக இருக்கமாட்டீர்கள். டிக்கெட்டில் இல்லாத பிரிண்டரைத் தொட்டுவிட்டு வந்தால், அடுத்த வாரம் அது பழுதானாலும் உங்கள் பெயர்தான் வரும்.

அவர் என் நம்பரைக் கேட்டால்?

சப்போர்ட் நிறுவனத்தின் ஹெல்ப் டெஸ்க் எண்ணைக் கொடுங்கள். சைட்டில் நீங்கள் அந்த நிறுவனத்தின் ஆள். சொந்த விசிட்டிங் கார்டு வண்டியிலேயே இருக்கட்டும்.

பணம் எப்போது வரும்?

பில் போட்ட நாளில் இருந்து முப்பது நாள் என்பது நல்ல நிறுவனம். நாற்பத்தைந்து, அறுபது என்பதும் உண்டு. மாதத்துக்கு ஒரே முறைதான் பில் வாங்குவோம் என்றால், மாதத் தொடக்கத்தில் செய்த வேலைக்குப் பணம் கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து வரலாம். அதுவரை பெட்ரோலும் வாடகையும் உங்கள் கையில் இருந்து. குறைந்தது மூன்று மாதச் செலவு கையிருப்பில் இல்லாமல் வேலையை விட்டுவிட வேண்டாம்.

பில் தாமதமாவதற்குப் பெரும்பாலும் காரணம் கெட்ட எண்ணம் கிடையாது. பில்லில் டிக்கெட் எண் இல்லை, ஆர்டர் எண் தப்பு, கையெழுத்திட்ட தாள் இணைக்கவில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் அதைத் திருப்பி அனுப்பக்கூட மாட்டார், ஓரமாக வைத்துவிடுவார். அனுப்பிய ஒரு வாரத்தில் "என் பில் சிஸ்டத்தில் ஏறிவிட்டதா?" என்று ஒரு போன் போடுவது நாற்பது நாள் கழித்துச் சண்டை போடுவதைவிட எளிது.

வேலையில் இருந்துகொண்டே பகுதி நேரமாகச் செய்ய முடியுமா?

இரவு, வார இறுதி வேலைகளை மட்டும் எடுத்தால் முடியும். கடை மூடிய பிறகு சாதனம் மாற்றும் புராஜெக்டுகள் நிறைய வரும். உங்கள் வேலை ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். பகல் நேர அவசர டிக்கெட்டை ஒத்துக்கொண்டுவிட்டுப் போகாமல் இருப்பதுதான் கெட்ட பெயருக்குக் குறுக்குவழி. "முடியாது" என்று பத்து முறை சொன்னாலும் கூப்பிடுவார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு முறை வராவிட்டால் கூப்பிடமாட்டார்கள்.

வேலை அதிகமானால் இன்னொருவரை அனுப்பலாமா?

ஒப்பந்தம் அனுமதித்தால், முன்கூட்டியே பெயர் சொல்லி அனுமதி வாங்கினால் மட்டும். பல சைட்டுகளில், குறிப்பாக வங்கியிலும் டேட்டா சென்டரிலும், பின்னணிச் சோதனை முடிந்த ஆளின் பெயர்தான் வாசலில் இருக்கும். வேறு முகம் போனால் அடையாள அட்டையைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், தோல்வி உங்கள் கணக்கில் ஏறும்.

ஒரு சப்போர்ட் நிறுவனத்தை எப்போது விட்டுவிடலாம்?

பணம் இரண்டாவது முறையும் காரணமில்லாமல் தள்ளிப்போகும்போது. ரிமோட் டீம் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் லைனில் காக்க வைத்துவிட்டு, அந்த நேரத்தைப் பில்லில் வெட்டும்போது. ஒர்க் ஆர்டரில் "மற்ற வேலைகள்" என்று எழுதிவிட்டு அதற்குள் ஒரு நாள் கேபிளிங்கை ஒளித்து வைக்கும்போது. சண்டை தேவையில்லை. கையில் இருக்கும் டிக்கெட்டுகளை ஒழுங்காக முடித்து, பாக்கி முழுவதையும் வாங்கிய பிறகு, புது ரேட் என்று ஒன்றரை மடங்கு எழுதி அனுப்புங்கள். ஒத்துக்கொண்டால் தொடரலாம்.